ரிசோர்ட்டுக்கு குழாய்க்கிணறு அடிச்சாங்க, எங்கட கிணறு உவர்க்குது, என்ன செய்யிற சேர்?

வாசகி கடிதம்:

வணக்கம் சேர். நாங்க பொத்துவில் பக்கம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, நடுவுல மணல்ல கிடக்கிற சின்ன ஊர், 200 குடும்பத்துக்குக் கிட்ட இருக்கம். கரையோரக் காணி கொஞ்சத்த வெளியூர்க் கம்பனி ஒண்டு எடுத்து 60 ரூம் வச்ச ரிசோர்ட் கட்டுது. ரெண்டு குழாய்க்கிணறு அடிச்சிட்டாங்க, மணல் மேட்டையும் ஜேசிபி விட்டு தட்டையாக்குறாங்க. ரெண்டு மூணு மாசமா எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணில பிளேன்டீ ஊத்தினா உப்புக் கரிக்குது, சவுக்காரமும் நுரைக்குதில்ல. கேட்டா நாங்க ஆழத்துத் தண்ணிதான் எடுக்கிறம், உங்கட தண்ணி வேற எண்டு சொல்றாங்க. பைப் தண்ணி எடுத்துத் தருவம் எண்டும் சொல்றாங்க. ஊரும் ரெண்டாப் பிரிஞ்சிட்டு, வேலை கிடைக்கும் எண்டு பொடியன்கள் ஒரு பக்கம், வேணாம் எண்டு நாங்க ஒரு பக்கம். என்ட அக்கா பண்டாரவளையில கலியாணம் முடிச்சிருக்கா, அங்க மலைக்குள்ள சுரங்கம் வெட்டினதால கிணறெல்லாம் வத்தின கதைய அவ சொல்லிச் சொல்லி எனக்குப் பயமா இருக்கு. வாற கிழமை ரோட்டுல இறங்கி ஆர்ப்பாட்டம் செய்யப் போறம். அதால பிரயோசனம் இருக்குமா? எங்கட கிணறு திரும்பி நல்லா வருமா?

பதில்:

தங்கச்சி, ஆர்ப்பாட்டத்துக்குப் போங்க, நான் வேணாம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா ரோட்டுல இறங்க முதல் இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யணும், உங்கட ஊர்க் கிணறுகள அளந்து எழுதி வைக்கணும். இத நான் முதல் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நிலத்தடித் தண்ணி வேலையிலேயே காலம் போன ஆள் நான், இப்படியான பிரச்சினை எத்தனையோ கூட்டத்துல இருந்து கேட்டிருக்கன், ஒவ்வொரு தடவையும் சனம் தோத்தது ஒரே இடத்துலதான். கம்பனிக்காரர் எழும்பி "முதல்லயும் உங்கட தண்ணி இப்படித்தானே இருந்த, வெயிலுக்கு உவர்க்கிறது புதுசா" எண்டு கேப்பாங்க, அதுக்குக் காட்ட ஊராக்களிட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. நாக்குக்குத் தெரிஞ்ச உப்ப எந்த ஆபீசரும் ஃபைல்ல எழுத மாட்டார், இலக்கம் எண்டா எழுதித்தான் ஆகணும்.

முதல் உங்கட மணலுக்குள்ள என்ன நடக்குது எண்டு சொல்றன், இது விளங்கினா மற்றதெல்லாம் தன்னால விளங்கும். கடலுக்கும் களப்புக்கும் இடையில இருக்கிற மணல் நிலத்துல நல்ல தண்ணி எண்டு ஆறோ ஊத்தோ எங்கயிருந்தும் வாறதில்ல, மாரில பெய்யிற மழ மணலுக்குள்ள இறங்கித் தேங்கி நிக்கிறதுதான் முழுத் தண்ணியும். அதுக்குக் கீழயும் ரெண்டு பக்கத்தாலயும் உப்புத் தண்ணி. கோயில்ல கிளாஸ் விளக்குல தண்ணிக்கு மேல எண்ணெய் நிக்கும் தெரியுமே, அப்படித்தான் உப்புத் தண்ணிக்கு மேல நல்ல தண்ணி மிதக்குது, பாரம் குறைவெண்டபடியா. இதுல ஒரு கணக்கு இருக்கு, கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டா கீழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். கேக்க சந்தோசமா இருக்கும், ஆனா இதத் திருப்பிப் பாருங்க. மோட்டர் போட்டு இழுத்து மேல்மட்டம் அரை அடி இறங்கினா கீழ இருந்து உப்பு 20 அடி மேல ஏறப் பாக்கும். கீழ பாறை எந்த ஆழத்துல இருக்கு, மணல் எவ்வளவு தடிப்பம் எண்டதப் பொறுத்து கொஞ்சம் கூடிக் குறையும், ஆனா உங்கட ஊர் மாதிரி இடத்துல ஏன் கொஞ்சத் தண்ணி இழுத்தாலும் கெதியா உவர்க்குது எண்டதுக்குக் காரணம் இதுதான். கடல் தண்ணி நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே குளோரைட்டு, அதாவது உப்புட அளவக் காட்டுற சாமான், ஒரு லீற்றருக்கு 380 மில்லிகிராம் கிட்ட வந்திடும், நம்மட நாட்டுக் குடிதண்ணித் தரம், எஸ்எல்எஸ் 614, அனுமதிக்கிறது 250 மட்டுந்தான்.

இன்னொரு விஷயம், இத பெரிய ஆக்கள் கூட யோசிக்கிறதில்ல. எங்கட பக்கம் மழ ஐப்பசில தொடங்கி தை வரைக்கும். அறுகம்பை, உல்லைப் பக்கம் வெள்ளக்காரர் அலை சவாரிக்கு வாற சீசன் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும். அதாவது கச்சான் காத்து அடிச்சு நிலமெல்லாம் காஞ்சு கிணத்துல மட்டம் இறங்கிக் கிடக்கிற அதே மாசங்கள்லதான் ரூமெல்லாம் நிறையும், ஷவரும் லோன்ட்ரியும் ஸ்விம்மிங் பூலும் ஓடும். காலிப் பக்கம், பெந்தோட்டைப் பக்கம் சீசன் வேற, மழ வேற, அங்க உள்ள ஹோட்டல் அனுபவத்த வச்சு இஞ்ச பிளான் போட்டா சரிவராது. கம்பனி ஒரு ரிப்போர்ட் காட்டினா முதல்ல நீங்க பாக்க வேண்டியது அந்த பம்பிங் டெஸ்ட், அதாவது மோட்டர ஓட விட்டு மட்டம் எவ்வளவு இறங்குது எண்டு பாக்கிற சோதனை, எந்த மாசம் செய்தது எண்டுதான், தை மாசத்துல செய்த டெஸ்ட்டுக்கும் ஆவணில செய்ததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அளவையும் பாப்பம். ஹோட்டல் பிளான் பண்ணேக்க தங்குற ஆள் ஒருத்தருக்கு 300 இல இருந்து 500 லீற்றர் வரைக்கும் கணக்குப் போடுறது வழக்கம். 60 ரூம், ரூமுக்கு ரெண்டு பேர், 400 லீற்றர் எண்டு வச்சா நாளைக்கு 48,000 லீற்றர், பூலுக்கும் புல்லுக்கும் தண்ணி விட்டா 50,000 தாண்டும். உங்கட 200 வீட்டுலயும் வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 100 லீற்றர் எண்டா 80,000. பாத்தா ஊர் எடுக்கிறதுதான் கூட எண்டு தோணும், இதத்தான் அவங்களும் சொல்லுவாங்க. ஆனா ஊராக்கள் எடுக்கிறது 200 வளவுல, பத்துப் பன்னிரண்டு அடி கொட்டுக் கிணத்துல, வாளியாலயும் சின்ன மோட்டராலயும், மேலால கொஞ்சம் கொஞ்சமா. குளிச்ச தண்ணி, உடுப்புக் கழுவின தண்ணில பாதிக்கு மேல அதே மணலுக்குள்ள திரும்பி இறங்கும். ஹோட்டல் எடுக்கிறது ஒரே இடத்துல, ஆழத்துல இருந்து, மோட்டர் ராவு பகலா ஓடி. உப்பு மேல ஏறுறது அந்த ஒரு இடத்துக்குக் கீழதான், மறுகா பக்கத்துக் கிணறுகளுக்குப் பரவும்.

"ஆழத்துத் தண்ணி வேற, உங்கட தண்ணி வேற" எண்ட கதைய அப்படியே நம்ப வேணாம். பொய் எண்டும் நான் சொல்லல்ல. மணலுக்குக் கீழ இருக்கிற கருங்கல் பாறை வெடிப்புக்குள்ள இருந்து தண்ணி எடுத்தா சில இடத்துல மேல் மணலோட தொடர்பு இல்லாம இருக்கலாம். ஆனா அது வாயால சொல்லி முடிக்கிற விஷயமில்ல, அவங்கட மோட்டர ஓட விட்டு, அதே நேரம் உங்கட கிணத்து மட்டத்தப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு அவங்கட பெர்மிஷனே வேணாம், நீங்களே செய்யலாம்.

எப்படி எண்டு சொல்றன். அவங்கட மோட்டர் சத்தமோ ஜெனரேட்டர் சத்தமோ உங்கட வளவுக்குக் கேக்கும்தானே. கிட்ட இருக்கிற ரெண்டு மூணு கிணறத் தெரிவு செய்யுங்க, அண்டைக்கு அந்தக் கிணறுகள்ல ஒருத்தரும் தண்ணி அள்ளக் கூடாது, முதல் நாளே பானை, பரல் எல்லாம் நிரப்பி வையுங்க. கிணத்துக்கட்டுல ஒரு இடத்துல பெயின்ட்டால கோடு போடுங்க, எப்பவும் அந்தக் கோட்டுல இருந்துதான் அளக்கணும். மேசன்மார் வச்சிருக்கிற டேப்புல ஒரு சின்ன பாரத்தக் கட்டி இறக்கி, தண்ணில தட்டுற இடத்தப் பாத்து, விடிய 5 மணில இருந்து அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுதுங்க, மோட்டர் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கின, எத்தனை மணிக்கு நிண்ட எண்டதையும் பக்கத்துல எழுதுங்க. மோட்டர் ஓடேக்க மட்டம் இறங்கி, நிண்டதும் திரும்பி ஏறினா, உங்கட தண்ணியும் அவங்கட தண்ணியும் ஒண்டு, அதுக்கு மேல வாதாடத் தேவையில்ல. ரெண்டு விரல் அளவு இறங்கினாலே போதும். ஒரு நாள் மட்டும் செய்யாம நாலஞ்சு நாள் வித்தியாசமான கிழமைகள்ல செய்யுங்க. கடல் கிட்ட எண்டபடியா வத்துப் பெருக்காலயும் மட்டம் கொஞ்சம் ஆடும், அதால அவங்கட மோட்டர் ஓடாத ஒரு நாளையும் அளந்து வைக்கிறது முக்கியம்.

இது மட்டத்துக்கு. உப்புக்கு, பேனை மாதிரி சின்ன ஈசி மீற்றர் ஒண்டு வாங்குங்க, ஒன்லைன்ல பெரிய விலையில்லாம கிடைக்கும், ஊருக்கு ஒண்டு போதும். இது மின்கடத்துதிறன மைக்ரோசீமென்ஸ்ல காட்டும். மணல் கிணத்துல 500, 800 எண்டு காட்டினா நல்ல தண்ணி, 1500 தாண்டத் தொடங்கினா நாக்குக்குத் தெரியும், கடல் தண்ணி 50,000 கிட்ட. எல்லாக் கிணறையும் அளக்கத் தேவையில்ல. ஹோட்டலுக்கு ஒட்டின மாதிரி ரெண்டு, நடு ஊர்ல ரெண்டு, களப்புப் பக்கம் ஒண்டு, ஹோட்டல்ல இருந்து ஆகத் தூரத்துல ரெண்டு. அந்தத் தூரத்துக் கிணறத்தான் ஆக்கள் விட்டுடுவாங்க, தங்கச்சி, அதத்தான் விடக் கூடாது. வரட்சியாலதான் உவர்த்தது எண்டா தூரத்துக் கிணறும் உவர்க்கணும், கிட்டக் கிணறு மட்டும் ஏறித் தூரத்துக் கிணறு அப்படியே நிண்டா வெயிலுல பழி போட ஏலாது. கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாள், விடியக் காலம தண்ணி அள்ள முதல் அளங்க. மேல்த்தண்ணில ஒண்டு, போத்தல்ல கயிறு கட்டி இறக்கி அடித்தண்ணில ஒண்டு எண்டு ரெண்டும் எடுங்க, உப்பு எப்பவும் அடிலதான் முதல் தெரியும். உங்கட பள்ளிக்கூட விஞ்ஞான டீச்சரக் கேட்டுப் பாருங்க, ஓஎல் பிள்ளைகளோட சேந்து செய்தா நல்லாச் செய்வாங்க. சீஆர் கொப்பில பேனையால எழுதி, ஒவ்வொரு மாசமும் கிராம சேவகரிட்டயோ டீச்சரிட்டயோ சைன் வாங்குங்க. ரெண்டு கிணத்துத் தண்ணியையாவது வாட்டர் போர்ட்ட லாப்ல காசு கட்டிப் பரிசோதிச்சு ரிப்போர்ட் எடுத்து வையுங்க, குளோரைட்டும் நைத்திரேற்றும் பாக்கச் சொல்லுங்க. நைத்திரேற்று ஏன் எண்டா நாளைக்கு அந்த 60 ரூமுட கக்கூஸ் தண்ணியும் இதே மணலுக்குள்ளதான் இறங்கப் போகுது.

நேர்மையா ஒண்டு சொல்லணும். இப்ப உங்கட கிணறு உவர்க்கிறதுக்கு ஹோட்டல்தான் காரணம் எண்டு நான் இஞ்ச இருந்து சொல்ல ஏலாது. ரிசோர்ட் இன்னும் திறக்கல்ல, கொங்கிறீட் வேலைக்குத்தான் தண்ணி எடுக்கிறாங்க, அதுவும் கொஞ்சமில்லத்தான், ஆனா இந்த வருஷ வெயில், ஊருக்குள்ள புதுசாப் பூட்டின மோட்டர்கள், முகத்துவாரம் வெட்டி களப்புக்குள்ள கடல் தண்ணி ஏறினது எண்டு வேற காரணமும் இருக்கலாம். அதாலதான் அளங்க அளங்க எண்டு நிக்கிறன். காரணம் அவங்க இல்ல எண்டு வந்தாலும் உங்களுக்கு நட்டமில்ல, ஹோட்டல் திறக்க முதல் இருந்த நிலமை உங்கட கையில எழுத்துல இருக்கும்.

இனி கிணறு உவர்த்த வீட்டுக்காரர் செய்யக் கூடாத ரெண்டு விஷயம். ஒண்டு, கிணறத் தோண்டி ஆழமாக்குறது. எல்லாரும் முதல் செய்யிறது அதுதான், ஆழம் போனா நல்ல தண்ணி வரும் எண்டு, உங்கட ஊர் மாதிரி இடத்துல ஆழம் போனா உப்புக்குத்தான் கிட்டப் போறம். அகலமாக்கலாம், ஆழமாக்கக் கூடாது. மற்றது மோட்டர் வச்சு திரும்பத் திரும்ப இறைச்சுக் கழுவுறது. சுனாமிக்குப் பிறகு 2005 இல மட்டக்களப்புல கல்லடிப் பக்கமெல்லாம் உதவிக்கு வந்த ஆக்கள் நல்ல மனசோடதான் கிணறுகள இறைச்சு இறைச்சு விட்டாங்க, சில இடத்துல இறைக்க இறைக்கக் கீழ இருந்து உப்பு இன்னும் ஏறினது. கடைசில அந்தக் கிணறுகளக் கழுவினது அடுத்தடுத்த மாரி மழதான். அதுதான் உங்கட கடைசிக் கேள்விக்கும் பதில், கிணறு திரும்பி வரும், இழுவை நிண்டா அல்லது குறைஞ்சா, ரெண்டு மாரி ஒழுங்காப் பெஞ்சா வரும். இழுவை நிக்காட்டி மழ பெஞ்சும் பிரயோசனமில்ல.

அக்காட பண்டாரவளைக் கதை வேற மாதிரி. அங்க உமா ஓயாத் திட்டத்துக்கு மலைக்குள்ள சுரங்கம் வெட்டேக்க 2014 கடைசில தண்ணி உடைச்சுக்கொண்டு சுரங்கத்துக்குள்ள பாஞ்சது, மேல இருந்த கிணறும் ஊத்தும் வத்தி வீட்டுச் சுவரெல்லாம் வெடிச்சது, 2017 இல பண்டாரவளை சனம் பெருசா ரோட்டுக்கு இறங்கினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மலையில பிரச்சினை தண்ணி கீழ ஓடிப் போறது, பாறை வெடிப்பு எங்க போய் எங்க முட்டுது எண்டு கண்டுபிடிக்கிறதும் கஷ்டம், மலைக்கு அங்கால இருக்கிற வீட்டுக் கிணறும் வத்தும். உங்களுக்கு உப்பு மேல வாறது, மணலுக்குள்ள அளந்து கண்டுபிடிக்கிறது லேசு. ஆனா ஒண்டு ரெண்டு இடத்துக்கும் பொது, வேலை தொடங்க முதல் எந்தக் கிணத்துல எவ்வளவு தண்ணி இருந்த எண்டு ஊராக்கள் கையில கணக்கு இருக்கணும். வீடு வீடா நட்டஈடு கேக்கேக்க அது இல்லாதவங்கதான் ஆகக் கஷ்டப்படுவாங்க.

சட்டப் பக்கத்துக்கு வாறன், இதுல நான் லோயர் இல்ல, வேலையில பழகின அளவுதான் சொல்றன். தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ 1993 வர்த்தமானில, பொதுவா 99 ரூமுக்கு மேல அல்லது 40 ஹெக்டயருக்கு மேல போற ஹோட்டலுக்குத்தான் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். நிலத்தடித் தண்ணி எடுக்கிறதுக்கு அதுல போட்டிருக்கிற எல்லை நாளைக்கு 5 லட்சம் கன மீற்றர், உங்கட ரிசோர்ட் மாதிரி 10,000 ரிசோர்ட் சேந்தாத்தான் அந்த அளவு வரும். இந்த எல்லை ஒரு மணல் ஊரக் காப்பாத்தாது, இத மாத்தணும் எண்டு நாங்க எல்லாரும் கேக்கத்தான் வேணும். 60 ரூம் எண்டது முதல் கட்டமா, முழுசுமா எண்டதையும் கேளுங்க, துண்டு துண்டாக் கட்டி எல்லைக்குக் கீழ நிக்கிற பழக்கம் நாட்டுல இருக்கு.

ஆனா உங்களுக்கு வேற ஒரு பிடி இருக்கு. 1981 ஆம் ஆண்டு 57 ஆம் இலக்கக் கரையோரச் சட்டத்தின்படி கடல் பெருக்கு மட்டத்துல இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதுக்குள்ள கட்டிடம் கட்டவோ மணல் மேட்ட வெட்டவோ கரையோரம் பேணல் திணைக்களத்திட பெர்மிட் வேணும், அந்தப் பெர்மிட்டுல நிபந்தனை போடலாம், நிபந்தனைய மீறினா இரத்துச் செய்யலாம். அந்தத் திணைக்களத்திட பணிப்பாளர் நாயகம் நினைச்சா ரூம் எத்தனை எண்டாலும் சுற்றாடல் மதிப்பீடு கேக்கலாம், அப்படிக் கேட்டா அறிக்கைய பொதுமக்கள் பாத்து கருத்துச் சொல்ல 30 நாள் தரணும். எனவே உங்கட முதல் கடிதம் அங்கதான் போகணும், பிரதி பிரதேச செயலாளருக்கு, பிரதேச சபைக்கு, மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு, நீர்வளச் சபைக்கு. குழாய்க்கிணறு விஷயம் நீர்வளச் சபைட பொறுப்பு.

அதுக்கு முதல் தகவல் எடுங்க. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கு, தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம், ஏன் கேக்கிற எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு தீர்மானம் சொல்லணும். கேக்க வேண்டியது என்னெண்டா கரையோரப் பெர்மிட்டும் அதுட நிபந்தனைகளும், மணல் மேடு வெட்ட அனுமதி இருக்கா எண்டது, குழாய்க்கிணறுட ஆழம், பம்பிங் டெஸ்ட் ரிப்போர்ட், கழிவுத் தண்ணித் திட்டம், பிரதேச சபை பாஸ் பண்ணின பிளான், காணி எந்த வகையில குடுத்தது எண்டது. "அந்த ஹோட்டல் பற்றின எல்லா விபரமும் தரவும்" எண்டு எழுதினா ஒண்டும் வராது, ஒவ்வொண்டாப் பேர் சொல்லிக் கேளுங்க. விண்ணப்பத்த வாங்கினதுக்கு ரசீது எடுக்காம ஆபீஸ விட்டு வெளியால வரக் கூடாது.

கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தாலும் வழி இருக்கு. பொதுத் தொல்லை எண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 98 ஆம் பிரிவுல நீதவான் நீதிமன்றத்துல கேக்கலாம், காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவப் பாருங்க. யாழ்ப்பாணம் சுன்னாகத்துல மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகள்ல கலந்த வழக்குல 2019 இல உயர் நீதிமன்றம் ஊராக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்டணும் எண்டு. அந்த வழக்கு நிண்டது கிணத்துத் தண்ணிய லாப்ல பரிசோதிச்ச முடிவுகள்ட பலத்துல. ஆனா அந்தக் காச ஆக்களுக்குப் பிரிச்சா ஒருத்தருக்கு ஆகக் கூடினது 40,000 ரூபாதான். ஒரு கிணறுக்கு 40,000 ரூபா, தங்கச்சி. வழக்குல வெல்லுறதும் கிணறக் காப்பாத்துறதும் ஒண்டில்ல, அதாலதான் திறக்க முதல் நிபந்தனை போட வைக்கிறதுல மினக்கெடச் சொல்றன்.

என்ன நிபந்தனை கேக்கலாம்? குழாய்க்கிணறுக்கு மீற்றர் பூட்டி மாசா மாசம் வாசிப்ப பிரதேச செயலகத்துலயும் உங்கட கோயில் போர்டுலயும் ஒட்டணும். நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்கக் கூடாது எண்டு உச்சம் வைக்கணும். உங்கட கண்காணிப்புக் கிணத்துல ஈசி ஒரு அளவு தாண்டினா மோட்டர் நிக்கணும், அந்த நேரம் தண்ணி வேணும் எண்டா அவங்க பவுசர்ல கொண்டு வரட்டும், பவுசர் செலவு உங்கட தலையில விழக் கூடாது. கூரையில விழுற மழைத்தண்ணிய பெரிய டாங்க்ல சேக்கணும். புல்லுக்கு சுத்திகரிச்ச கழிவுத் தண்ணிதான் விடணும். கடல் தண்ணிய ஆர்ஓ மெஷின்ல சுத்தமாக்கிறம் எண்டு சொன்னா நல்லம், ஆனா மிஞ்சிற கடும் உப்புத் தண்ணிய எங்க விடப் போறாங்க எண்டு கேளுங்க, மணலுக்குள்ள விட்டா அதுவும் உங்கட கிணத்துக்குத்தான் வரும்.

மணல் மேட்ட விடவே கூடாது. அது மழைத்தண்ணிய உறிஞ்சி வச்சிருக்கிற இடம், மேடு உயர உயர அதுக்குள்ள நல்ல தண்ணியும் உயர நிக்கும், அத வெட்டினா கடல் பக்கத்துல இருக்கிற தடுப்பே போயிடும். மற்றது உயிர் விஷயம். யால பக்கம் ஒரு ஹோட்டல் கடல் நல்லாத் தெரியட்டும் எண்டு முன்னால இருந்த மணல் மேட்ட அகற்றினது, 2004 மார்கழி 26 அலையில அந்த ஹோட்டல் முழுசா அழிஞ்சு போச்சு, மேடு அப்படியே இருந்த இடங்கள்ல பின்னால இருந்தவங்க தப்பினாங்க. இத ஆய்வு செய்த ஆக்கள் எழுதியும் வச்சிருக்காங்க. உங்கட ஊர்ல சுனாமிய கண்ட சனம் இருக்கேக்க இத நான் கூடச் சொல்லத் தேவையில்ல. ஜேசிபி இப்பவும் ஓடுது எண்டா இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காதீங்க, நாளைக்கே ஃபோட்டோ வீடியோ திகதியோட எடுத்து கரையோரத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்துல முறைப்பாடு குடுங்க.

பைப் தண்ணி தருவம் எண்டதுக்கு நன்றி சொல்லி, எந்தக் குளத்துல இருந்து, எந்த வருஷம், எத்தனை மணித்தியாலம், பில் ஆர் கட்டுற எண்டு எழுத்துல கேளுங்க. பைப் தண்ணி நல்லதுதான், வேணாம் எண்டு சொல்லாதீங்க. ஆனா கோடையில ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாற பைப்ப நம்பி கிணறக் கைவிட்டா, தென்னைக்கும் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் எங்க போற? கிணறுக்குப் பதிலா பைப் எண்ட பேச்சுக்கு ஓம் எண்டு சைன் வைக்கக் கூடாது.

கடைசியா ஊர் பிரிஞ்ச விஷயம், எனக்கு இதுதான் மனசுக்கு ஆகப் பாரமா இருந்தது. வேலை வேணும் எண்டு கேக்கிற பொடியன்கள எதிரியாப் பாக்காதீங்க கா. கடல்ல மீன் குறைஞ்சு, கட்டார் சவூதிக்குப் போறதுக்கும் காசில்லாம நிக்கிற பிள்ளைகள், வீட்டோட இருந்து உழைக்க ஏலும் எண்டு ஒருத்தன் சொன்னா நம்பத்தான் செய்வாங்க. கூட்டத்துல ஹோட்டல் வேணுமா வேணாமா எண்டு கேட்டா ஊர் ரெண்டாகும். கிணறு உவர்க்கலாமா எண்டு கேட்டா ஒருத்தரும் கை உயர்த்த மாட்டாங்க. வேலையையும் அதே கடிதத்துல கேளுங்க, எத்தனை பேர், என்ன வேலை, சீசன் முடிஞ்சாலும் சம்பளமா எண்டு. கிணறு அளக்கிற வேலைய அந்தப் பொடியன்களிட்டயே குடுங்க, நாலு கிழமை தாங்களே மீற்றரப் பிடிச்சு எழுதினா மறுகா ஒருத்தரும் அவங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்ல.

பக்கத்து முஸ்லிம் ஊரையும் சிங்கள ஊரையும் சேத்துக்கொள்ளுங்க, மணலுக்குக் கீழ தண்ணி ஒண்டுதான். பாணமைச் சனம் 2010 இல காணிய விட்டுத் துரத்தப்பட்டு, 2015 இல திருப்பிக் குடுக்கச் சொல்லி அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் விடாம நிண்டு போராடின ஆக்கள். உங்கட ஊர்ல இருந்து கிட்டத்தான், ரெண்டு பேர் போய்க் கதைச்சு வாங்க, எந்த ஆபீஸ்ல என்ன சொல்லி அலைய விடுவாங்க எண்டு அவங்களுக்கு என்ன விட நல்லாத் தெரியும். ஆர்ப்பாட்டத்துக்குப் போகேக்க பதாகையோட உங்கட கிணத்து இலக்கங்களையும் பெரிய எழுத்துல எழுதிக்கொண்டு போங்க, பத்திரிகைக்காரரும் அதத்தான் படம் எடுப்பாங்க.

மாரி தொடங்க இன்னும் கொஞ்சக் காலம் இருக்கு. மழ பெய்ய முதல் எடுக்கிற அளவுதான் வருஷத்துல ஆகக் கீழ் மட்டம், அது தவறினா அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள ரிசோர்ட் திறந்திடும். முதல் மாசக் கொப்பி நிரம்பினதும் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, நான் பாத்து கிராஃப் போட்டுத் தாறன், கரையோரத் திணைக்களத்துக்குப் போற கடிதத்தோட அதையும் இணைச்சு அனுப்பலாம்.